இல்லினாய் அடிமை மாநிலம் ஆகாமல் நின்றது எப்படி: ஆளுநர் எட்வர்ட் கோல்ஸ் (1786–1868)

1824 ஆகஸ்ட் 2ஆம் தேதி அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. மாநில அரசியல் சட்டத்தைத் திருத்த ஒரு மாநாடு கூட்டலாமா, வேண்டாமா? கேள்வி அவ்வளவுதான். அடிமைமுறை பற்றி அதில் ஒரு பேச்சும் இல்லை. ஆனால் மாநாடு எதற்காகக் கேட்கப்படுகிறது என்பது வாக்களிக்க வந்த ஒவ்வொரு குடியானவனுக்கும் தெரியும். மாநாடு கூடினால் அடிமைகளைக் கொண்டுவர வழி திறக்கும். கூடாவிட்டால் திறக்காது. வேண்டும் என்று 4,972 பேரும், வேண்டாம் என்று 6,640 பேரும் வாக்களித்தார்கள். 1,668 வாக்கு வித்தியாசத்தில் அந்த வழி அடைபட்டது.

அந்த ஒன்றரை ஆண்டுப் போராட்டத்தின் நடுவில் நின்றவர் மாநிலத்தின் இரண்டாவது ஆளுநரான எட்வர்ட் கோல்ஸ். அமெரிக்க மாநில ஆளுநர் மக்கள் வாக்கில் தேர்வாகிறவர். ஆனாலும் அன்றைய இல்லினாயில் அவருக்கு அதிகாரம் மிகக் குறைவு. சட்டமன்றம் இயற்றும் சட்டத்தை அவர் தனியாகத் தடுக்க முடியாது. உச்ச நீதிமன்ற நீதிபதிகளோடு சேர்ந்த ஒரு குழுவில் உட்கார்ந்துதான் திருப்பி அனுப்பலாம். சாதாரணப் பெரும்பான்மை இருந்தால் சட்டமன்றம் அதையும் மீறிவிடும். மாநாட்டுத் தீர்மானத்துக்கு அவருடைய ஒப்புதலே தேவையில்லை. கையில் ஏதும் இல்லாத ஒருவர் எதைக் கொண்டு சண்டை போட்டார், அந்தச் சண்டை ஏன் வென்றது, எதை அது வெல்லவில்லை என்பதே இந்த ஆய்வின் பொருள்.

வர்ஜீனியா வீட்டில்

கோல்ஸ் 1786 டிசம்பர் 15 அன்று வர்ஜீனியாவின் ஆல்பமார்ல் கவுண்டியில் (கவுண்டி என்பது மாவட்டம் போன்ற பிரிவு) என்னிஸ்கோர்த்தி என்ற பெருந்தோட்டத்தில் பிறந்தார். நில வளமும் அடிமைகளும் நிறைந்த குடும்பம். அக்கம்பக்கத்தார் யார் என்று பார்த்தால் அமெரிக்க வரலாற்றின் பாதிப் பெயர்கள் வந்துவிடும். அடுத்தடுத்துக் குடியரசுத் தலைவர்களான தாமஸ் ஜெஃபர்சன், ஜேம்ஸ் மேடிசன், ஜேம்ஸ் மன்ரோ எல்லோரும் குடும்ப நண்பர்கள். மேடிசனின் மனைவி டோலி இவருக்கு உறவு.

வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் படித்தபோதுதான் திருப்பம் வந்தது. கல்லூரித் தலைவர் பிஷப் ஜேம்ஸ் மேடிசன், பின்னாளில் குடியரசுத் தலைவரான மேடிசனின் உறவினர். மனிதனின் இயல்பான உரிமைகள் பற்றி அவர் பாடம் நடத்தினார். ஒரு மனிதன் இன்னொரு மனிதனை உடைமையாக வைத்திருப்பது எப்படிச் சரியாகும் என்று இந்த மாணவர் எழுந்து கேட்டார். கொள்கை அளவில் சரியில்லைதான், ஆனால் ஏற்கெனவே இருக்கிறது, ஒழிப்பது கடினம் என்ற பதில் வந்தது. கோல்ஸுக்கு அது போதவில்லை. தவறு என்று தெரிந்தபின் வைத்திருக்க முடியாது என்று அப்போதே முடிவெடுத்ததாகப் பிற்காலத்தில் எழுதினார்.

இந்த முடிவைத் தந்தையிடம் அவர் சொல்லவில்லை. சொன்னால் உயிலில் அடிமைகளுக்குப் பதிலாக வேறு சொத்தை எழுதிவிடுவார், அவர்களை விடுவிக்கும் வாய்ப்பு கைநழுவிவிடும் என்பது அவருடைய கணக்கு. 1808ல் தந்தை இறந்தார். ஒரு தோட்டமும் அடிமைகளும் மகன் பங்குக்கு வந்தபின்தான் குடும்பத்தாரிடம் வாயைத் திறந்தார். வீட்டில் பெரிய எதிர்ப்பு.

சட்டமும் குறுக்கே நின்றது. வர்ஜீனியாவில் 1806ல் வந்த சட்டப்படி, விடுதலை பெற்ற அடிமை 12 மாதத்துக்குள் மாநிலத்தை விட்டு வெளியேறிவிட வேண்டும், இல்லையென்றால் மறுபடியும் அடிமை ஆகலாம். அதாவது வர்ஜீனியாவில் ஒருவரை விடுவிப்பது என்றால் ஊரைவிட்டு அனுப்புவது என்று அர்த்தம். தோட்டத்தை விற்றுவிட்டு எல்லோருமாக வடமேற்கே போவது என்று கோல்ஸ் தீர்மானித்தார். உடனே போக முடியவில்லை. விலை கொடுத்து வாங்க ஆள் கிடைக்கவில்லை. அப்புறம் 1810 தொடக்கத்தில் குடியரசுத் தலைவர் மேடிசன் தனிச் செயலாளராக வரும்படி அழைத்தார். தயங்கித் தயங்கி ஏற்றுக்கொண்டார். 1815 வரை அந்த வேலை.

ஆக விடுதலை என்ற எண்ணம் பிறந்து அது நிறைவேறப் பத்து ஆண்டுக்கு மேல் ஆனது. அந்தக் காலம் முழுவதும் அடிமைகளின் உழைப்பில்தான் அவர் தோட்டம் நடந்தது. அதை மறைக்கக் கூடாது.

வெள்ளை மாளிகைக் காலத்தில் அவர் செய்த இன்னொரு நல்ல காரியம் பலருக்குத் தெரியாது. 1811ல் வடக்கே பயணம் போனபோது முன்னாள் தலைவர் ஜான் ஆடம்ஸைச் சந்தித்தார். ஆடம்ஸும் ஜெஃபர்சனும் பல ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். ஜெஃபர்சன் மீது தனக்கு எப்போதும் அன்பு உண்டு, இப்போதும் உண்டு என்று ஆடம்ஸ் சொன்னது கோல்ஸ் வழியாக ஜெஃபர்சன் காதுக்குப் போனது. 1812ன் முதல் நாளில் ஆடம்ஸ் எழுதிய கடிதத்தோடு அவர்களுடைய நட்பு மீண்டும் துளிர்த்தது.

1814: மூன்று கடிதங்கள்

1814 ஜூலை 31 அன்று 27 வயதான கோல்ஸ் 71 வயதான ஜெஃபர்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய கைக்கு எழுதுகிறோம் என்ற கூச்சமும் மரியாதையும் அதில் தெரிகின்றன. ஆனால் கேட்டது சிறிய விஷயம் இல்லை. வர்ஜீனியாவில் அடிமைமுறையைப் படிப்படியாக ஒழிக்க ஒரு திட்டத்தை நீங்கள் வகுத்து, உங்கள் பெயரில் முன்வையுங்கள் என்று கேட்டார். தன்னைப் பொறுத்தவரை, அடிமைகளோடு மாநிலத்தை விட்டே போக முடிவு செய்துவிட்டதாகவும் தெரிவித்தார்.

ஆகஸ்ட் 25 தேதியிட்ட ஜெஃபர்சனின் பதில் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. நீதியின் மீதான அன்பும் நாட்டின் மீதான அன்பும் இந்த மக்களுக்காகவே வாதாடுகின்றன என்கிறார். விடுதலை வந்தே தீரும் என்கிறார். ஆனால் இந்த வேலை இளைஞர்களுக்கு உரியது, தன்னிடம் கேட்பது கிரேக்கக் காவியத்தில் வரும் கிழவன் பிரையமிடம் அவன் வீர மகன் ஹெக்டரின் கவசத்தைக் கட்டிக்கொள்ளச் சொல்வது போல என்று ஒதுங்கிக்கொள்கிறார். ஊரைவிட்டுப் போகாதே, அடிமைகளைக் கைவிடாதே, அவர்களுக்கு நல்ல உணவும் உடையும் கொடுத்துக் காப்பாற்று, பொது வாழ்வில் இருந்துகொண்டு மெதுவாக, விடாமல் இந்தக் கருத்தைப் பரப்பு என்று அறிவுரையும் சொல்கிறார்.

செப்டம்பர் 26ல் கோல்ஸ் மறுபடி எழுதினார். இதில் பணிவு குறையவில்லை, ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் உங்கள் வயதைத் தாண்டிய பிறகும் கடினமான பொதுப்பணிகளைச் செய்தாரே, பென்சில்வேனியா சீக்கிரமே அடிமைமுறையிலிருந்து விடுபட்டதற்கு அவருக்கு அல்லவா கடன்பட்டிருக்கிறது என்று நினைவூட்டினார். ஜெஃபர்சனிடம் இப்படிப் பேசத் துணிந்தவர்கள் அந்த வட்டாரத்தில் மிகக் குறைவு.

இந்த மூன்று கடிதங்களை நான் இந்த நிகழ்வின் அச்சாகவே பார்க்கிறேன். காலம் கனியவில்லை, சட்டம் இடம் தராது, விடுவித்தால் அவர்கள் பிழைக்க மாட்டார்கள் என்று ஒரு தலைமுறையின் பெரிய மனிதர்கள் எல்லோரும் சொன்னார்கள். அதே குடும்பச் சூழலில், அதே செல்வத்தில், அதே சட்டத்தின் கீழ் வளர்ந்த ஒருவர் அதைச் செய்து காட்டினார். அதனால்தான் கோல்ஸின் கதை ஜெஃபர்சனைப் பற்றிய கதையும் ஆகிறது.

ஒஹாயோ ஆற்றில் ஒரு காலை

இடையில் ஒரு ரஷ்யப் பயணம். பிலடெல்பியாவில் ரஷ்யத் துணைத் தூதர் கொஸ்லோஃப் கைதானதால் எழுந்த சிக்கலைத் தீர்க்க 1816ல் மேடிசன் இவரை ஜார் அலெக்சாண்டரிடம் அனுப்பினார். வேலை முடிந்து ஐரோப்பா வழியாகத் திரும்பும்போது இங்கிலாந்தில் மாரிஸ் பர்க்பெக் என்ற விவசாயியைச் சந்தித்தார். பிறகு இல்லினாயில் ஆங்கிலேயக் குடியேற்றம் ஒன்றை நிறுவியவர் அவர்தான். 1824 போராட்டத்தில் அவருடைய பேனா பெரிய பலமாக இருந்தது.

1819 மார்ச்சில் தலைவர் மன்ரோ, கோல்ஸை இல்லினாயின் எட்வர்ட்ஸ்வில் நில அலுவலகப் பதிவாளராக நியமித்தார். தோட்டம் ஏற்கெனவே சகோதரர் கைக்குப் போயிருந்தது. அந்த வசந்தத்தில் வண்டிகள் கிளம்பின. ஏறக்குறைய 17 பேர். மலைகளைத் தாண்டிப் பென்சில்வேனியாவின் பிரவுன்ஸ்வில்லுக்கு வந்து, இரண்டு தட்டைப் படகுகளை வாங்கி, ஆட்கள், குதிரைகள், வண்டிகள் எல்லாவற்றையும் ஏற்றி, மொனொங்கஹீலா ஆற்றில் பிட்ஸ்பர்க் வரை போனார்கள். எங்கே போகிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும். விடுதலை பற்றி அவர்களிடம் கோல்ஸ் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

பிட்ஸ்பர்க்கைத் தாண்டி ஒஹாயோ ஆற்றில் படகுகள் மிதந்துகொண்டிருந்த ஓர் ஏப்ரல் காலை. இரண்டு படகுகளையும் ஒன்றாகக் கட்டச் சொல்லி, எல்லோரையும் மேல்தளத்துக்கு அழைத்தார். நீங்கள் இனி அடிமைகள் அல்லர், என்னைப் போலவே சுதந்திரமானவர்கள், என்னோடு வரலாம், விரும்பினால் இங்கேயே கரையேறலாம் என்று மிகச் சில வார்த்தைகளில் அறிவித்தார்.

யாரும் பேசவில்லை. கேட்டது உண்மைதானா என்பது போல அவரையும் ஒருவரை ஒருவரும் பார்த்துக்கொண்டார்கள் என்று பின்னர் எழுதியிருக்கிறார். பிறகு அடக்க முடியாத ஒரு சிரிப்பு, அழுகை, ஆசி. சற்று நேரம் கழித்து ராஃப் கிராஃபர்ட் உள்ளிட்டவர்கள், எங்களைக் கொண்டுவர ஆன செலவைத் தீர்க்கும் வரை, நீங்கள் அங்கே வேரூன்றும் வரை உங்களுக்கு வேலை செய்துவிட்டுப் பிறகு சுதந்திரம் பெற்றுக்கொள்கிறோம் என்றார்கள். கோல்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. அதோடு குடும்பத் தலைவர் ஒவ்வொருவருக்கும் 160 ஏக்கர் நிலம் தருவதாகவும் அறிவித்தார்.

அந்த 160 ஏக்கர்தான் இந்தச் செயலை வெறும் மனச்சாட்சித் தீர்வாக விடாமல் காப்பாற்றுகிறது என்பது என் கருத்து. நிலம் இல்லாத சுதந்திரம் அடுத்த பண்ணையாரின் கூலி வேலைதான். தலைமுறைகளாக வாங்கிய உழைப்புக்குத் திருப்பித் தர வேண்டியது ஒன்று இருக்கிறது என்று கோல்ஸுக்குப் புரிந்திருந்தது. நாடு முழுவதும் அடிமைமுறை ஒழிந்த, நாடே அப்படி நினைத்திருக்க வேண்டிய 1865ல்கூட அது நடக்கவில்லை.

ஜூலை 4 அன்று எட்வர்ட்ஸ்வில்லில் ஒவ்வொருவருக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். சக மனிதனை உடைமையாக வைத்திருக்க மனிதனுக்கு உரிமை உண்டு என்று நம்பாததால் விடுவிக்கிறேன் என்ற பொருளில் அந்தப் பத்திரம் தொடங்குகிறது.

சுதந்திர மாநிலம், பெயரளவில்

ஓர் அடிமை மாநிலத்திலிருந்து சுதந்திர மாநிலத்துக்கு வந்துவிட்டோம் என்று கோல்ஸ் நினைத்திருந்தால் ஏமாந்திருப்பார். இல்லினாய் இருக்கும் பகுதிக்கான 1787ன் வடமேற்குப் பிரதேசச் சட்டம் ஆறாம் பிரிவில் அடிமைமுறையைத் தடை செய்திருந்தது உண்மை. ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் பகுதியை ஆண்ட காலத்திலிருந்தே இருந்த அடிமைகளை அது தொடாது என்று அதிகாரிகள் விளக்கம் சொல்லிவிட்டார்கள். புதிதாகக் கொண்டுவருகிறவர்கள் ஒப்பந்தக் கூலி என்ற பெயரில் கொண்டுவந்தார்கள். 99 ஆண்டுக்குக் கைநாட்டு வாங்கிய ஒப்பந்தங்கள் இருந்தன. ஷானீடவுனுக்கு அருகில் உப்புக் காய்ச்சும் இடங்களில் வெளி மாநில அடிமைகளை வாடகைக்கு அமர்த்திக்கொள்ள 1818 அரசியல் சட்டமே 1825 வரை அனுமதி தந்தது. 1820 கணக்கெடுப்பில் சுமார் 55,000 பேர் கொண்ட இந்த மாநிலத்தில் 917 அடிமைகள் பதிவானார்கள்.

அதற்கு மேல் 1819 மார்ச்சில் நிறைவேறிய கறுப்பர் சட்டங்கள். கறுப்பின மக்கள் எங்கே போனாலும் விடுதலைச் சான்று வைத்திருக்க வேண்டும். அடிமையை விடுவிக்கக் கொண்டுவருகிறவர் ஆளுக்கு 1,000 டாலர் பிணை எழுதித் தர வேண்டும், தவறினால் ஆளுக்கு 200 டாலர் அபராதம். கோல்ஸின் வண்டிகள் இல்லினாய் வந்துசேரும் முன்பே நிறைவேறிய சட்டம் இது. அச்சாகி வெளிவர அந்த ஆண்டு அக்டோபர் ஆகிவிட்டது. அதற்குள் அவர் பத்திரங்களை எழுதிக் கொடுத்துவிட்டார். இந்த இடைவெளி பின்னால் அவருக்கு எதிராகவே பயன்பட்டது.

பொருளாதாரமும் கெட்டிருந்தது. 1819 நெருக்கடியில் வங்கிகள் விழுந்தன, கடனில் நிலம் வாங்கியவர்கள் தவித்தார்கள். மிசிசிப்பி ஆற்றுக்கு அந்தப் பக்கம் மிசௌரி அடிமை மாநிலமாக 1821ல் ஒன்றியத்தில் சேர்ந்தது. கென்டக்கியிலிருந்தும் டென்னசியிலிருந்தும் வசதியான குடும்பங்கள் அடிமைகளோடும் பணத்தோடும் இல்லினாய் வழியாகவே மிசௌரிக்குப் போய்க்கொண்டிருந்தன. நாமும் அனுமதித்தால் இந்தப் பணம் இங்கேயே நிற்குமே என்ற பேச்சு பரவியது. பசியில் இருக்கிறவனிடம் இந்த வாதம் எடுபடும்.

ஆளுநர் ஆனார்

1822 தேர்தலில் நால்வர் நின்றார்கள். கோல்ஸுக்கு 2,854, தலைமை நீதிபதி ஜோசப் ஃபிலிப்ஸுக்கு 2,687, இன்னொரு நீதிபதி தாமஸ் பிரவுனுக்கு 2,443, ஜேம்ஸ் மூருக்கு 622. 167 வாக்கு வித்தியாசம். மொத்த வாக்கில் மூன்றில் ஒரு பங்குதான் இவருக்கு விழுந்தது. ஃபிலிப்ஸும் பிரவுனும் அடிமைமுறைக்குச் சாதகமான வாக்குகளைப் பிரித்துக்கொண்டதால் கிடைத்த வெற்றி. நில அலுவலகத்துக்கு வந்துபோன குடியேறிகளிடம் அவர் சம்பாதித்திருந்த நல்ல பெயரும் உதவியது. துணை ஆளுநராக வந்த அடால்ஃபஸ் ஹப்பார்ட் எதிர்முகாம். சட்டமன்றத்திலும் எதிர்முகாமே பெரும்பான்மை.

அப்படி ஒரு நிலையில் வேறு யாராக இருந்தாலும் முதல் உரையில் சாலை, கால்வாய் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். 1822 டிசம்பரில் அன்றைய தலைநகர் வண்டேலியாவில் பதவியேற்ற கோல்ஸ் மூன்று விஷயங்களை நேராகக் கேட்டார். பிரெஞ்சுக் காலத்து அடிமைகளை விடுவியுங்கள். கறுப்பர் சட்டங்களை மாற்றுங்கள். சுதந்திரமான கறுப்பினத்தாரைக் கடத்திக்கொண்டுபோய்த் தெற்கே விற்கும் கொடுமைக்குக் கடுமையான தண்டனை வையுங்கள்.

இந்த உரைதான் எதிரணியைத் தூண்டிவிட்டது, அமைதியாக இருந்திருந்தால் மாநாட்டுப் பேச்சே வந்திருக்காது என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. அடிமைமுறையை அனுமதிக்கும் எண்ணம் தேர்தலுக்கு முன்பே ஊர் ஊராகப் பேசப்பட்டுக்கொண்டிருந்தது. கோல்ஸ் செய்தது அதை மறைவிலிருந்து வெளிச்சத்துக்கு இழுத்ததுதான். எதிராளிகள் தங்கள் நோக்கத்தை முழுக்க மூடிவைக்க முடியாமல் போனது அந்த உரைக்குப் பிறகுதான்.

ஹான்சனின் நாற்காலி

மாநாட்டைக் கூட்டும் கேள்வியை மக்களிடம் அனுப்ப இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு தேவை. மேலவையில் கிடைத்துவிட்டது. கீழவையில் 36 பேரில் 24 பேர் வேண்டும். ஒருவர் குறைந்தார்.

வடக்கே பைக் கவுண்டியின் இடத்துக்கு நிக்கோலஸ் ஹான்சன், ஜான் ஷா என்ற இருவர் உரிமை கோரியிருந்தார்கள். கூட்டத்தொடரின் தொடக்கத்திலேயே விசாரித்து ஹான்சன்தான் உறுப்பினர் என்று அவை முடிவு செய்திருந்தது. 1823 பிப்ரவரியில் வாக்கெடுப்பு வந்தபோது ஹான்சன் தீர்மானத்துக்கு எதிராக வாக்களித்தார். தீர்மானம் தோற்றது. உடனே பழைய முடிவைத் திருப்பி எடுத்தார்கள். பத்து வாரம் உறுப்பினராக உட்கார்ந்திருந்தவரை வெளியேற்றி, ஷாவை உட்காரவைத்து மறுபடி வாக்கெடுத்தார்கள். இப்போது 24 வந்துவிட்டது.

அன்றிரவு வண்டேலியாவில் தீப்பந்தம், தகரக் குழல், தட்டு, முரசு சகிதம் ஊர்வலம். ஆளுநர் தங்கியிருந்த வீட்டின் முன்னும், எதிர்த்து வாக்களித்தவர்களின் விடுதிகள் முன்னும் நின்று, மாநாடு அல்லது மரணம் என்று கத்தினார்கள்.

மாநாட்டுக் கட்சி செய்த மிகப் பெரிய தவறு இதுவே. அடிமைமுறை பற்றி எந்தக் கருத்தும் இல்லாத ஒரு குடியானவனுக்குக்கூட, தான் தேர்ந்தெடுத்த உறுப்பினரை இப்படித் தூக்கி எறியலாம் என்றால் தன் வாக்குக்கு என்ன மதிப்பு என்று கோபம் வரும். அந்தக் கோபத்தை எதிரணி பதினெட்டு மாதமும் அணையவிடவில்லை.

பதினெட்டு மாதம்

கோல்ஸிடம் இருந்தவை மூன்று: சம்பளம், பேனா, வெளியூர்த் தொடர்பு. ஆண்டுக்கு 1,000 டாலர் சம்பளம். நான்கு ஆண்டுச் சம்பளம் முழுவதையும் இந்தப் போராட்டத்துக்குத் தருவதாக அறிவித்தார். எதிர்முகாமின் கையில் இருந்த வண்டேலியாப் பத்திரிகை இல்லினாய் இன்டெலிஜென்சரை நண்பர்களோடு சேர்ந்து வாங்கி, டேவிட் பிளாக்வெல்லை ஆசிரியராக்கினார். பிலடெல்பியாவில் வங்கியாளர் நிக்கோலஸ் பிடிலுக்கும் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ராபர்ட்ஸ் வாக்ஸுக்கும் எழுதினார். அவர்கள் துண்டுப் பிரசுரங்களை அச்சிட்டு அனுப்பினார்கள். வெளியூர்க்காரர்கள் தலையிடுகிறார்கள் என்ற பேச்சு வராமல் இருக்க இந்தத் தொடர்பு வெளியே தெரியாமல் நடந்தது.

எல்லாவற்றையும் அவர் ஒருவரே செய்துவிட்டார் என்று எழுதுவது நியாயம் ஆகாது. பாப்டிஸ்ட் போதகர் ஜான் மேசன் பெக், பைபிள் பரப்பவும் ஞாயிறு பள்ளிகள் அமைக்கவும் குதிரையில் ஊர் ஊராகச் சுற்றியவர். செயின்ட் கிளேர் கவுண்டியில் அவர் தொடங்கிய அடிமைமுறை எதிர்ப்புச் சங்கம் மற்ற கவுண்டிகளிலும் கிளைவிட்டது. நாடாளுமன்ற உறுப்பினர் டேனியல் போப் குக் தன் செல்வாக்கு முழுவதையும் இறக்கினார். எட்வர்ட்ஸ்வில் ஸ்பெக்டேட்டர் பத்திரிகையின் ஹூப்பர் வாரனுக்குக் கோல்ஸைப் பிடிக்காது. ஆனாலும் அதே பக்கத்தில் நின்று கடுமையாக எழுதினார். பர்க்பெக், ஜொனாதன் ஃப்ரீமேன் என்ற புனைபெயரில் எளிய கடிதங்களாக எழுதித் தள்ளினார்.

இந்த எழுத்துகளில் என்ன சொன்னார்கள் என்பதில்தான் வெற்றியின் ரகசியமும் அதன் குறையும் சேர்ந்து இருக்கின்றன. அடிமைமுறை பாவம், சுதந்திரப் பிரகடனத்துக்கு விரோதம் என்றார்கள். அதே மூச்சில், அடிமைகள் வந்தால் ஏழை வெள்ளை விவசாயியின் உழைப்புக்கு மதிப்பு போய்விடும், நல்ல நிலமெல்லாம் பெரிய தோட்டக்காரன் கைக்குப் போகும், வடகிழக்கிலிருந்து குடியேற்றம் நின்றுவிடும் என்றும் சொன்னார்கள். கறுப்பின மக்களே இந்த மண்ணில் வேண்டாம் என்று நினைத்தவர்களின் வாக்கும் இந்தப் பக்கம்தான் விழுந்தது. வென்ற 6,640 பேரும் சமத்துவத்தை நம்பியவர்கள் என்று நினைத்தால் அடுத்த நாற்பது ஆண்டு இல்லினாய் வரலாறு புரியாது. வாக்கெடுப்பு யாருடைய வாழ்க்கையைப் பற்றியதோ அவர்களுக்கு அதில் வாக்கே கிடையாது என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அந்த நாளில் மொத்தம் 11,612 பேர் வாக்களித்தார்கள். மூன்று மாதம் கழித்து நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் இதே மாநிலத்தில் ஐந்தாயிரம் பேர்கூட வரவில்லை. உப்பளங்கள் இருந்த கேலட்டின் கவுண்டி மாநாட்டுக்கு ஆதரவாக மொத்தமாகச் சாய்ந்தது. பர்க்பெக்கின் எட்வர்ட்ஸ் கவுண்டியும், புதிய குடியேறிகள் நிறைந்த வடக்குக் கவுண்டிகளும் எதிர்த்து நின்றன.

ஒரு விஷயம் விசித்திரமானது. மாநாட்டைத் தோற்கடித்த அதே ஆண்டில் கூடிய புதிய சட்டமன்றம், மாநாட்டுக்காக உழைத்த ஜான் மெக்லீனையும் இலையஸ் கென்ட் கேனையும் ஐக்கிய அமெரிக்க மேலவைக்குத் தேர்ந்தெடுத்தது. போராட்டத்தை முன்னின்று நடத்தியவருக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. பர்க்பெக்கை மாநிலச் செயலாளராகக் கோல்ஸ் நியமித்தார். சில மாதங்களில் மாநில மேலவை அந்த நியமனத்தை நிராகரித்தது. 1825 ஜூனில் ஃபாக்ஸ் ஆற்றைக் கடக்கும்போது பர்க்பெக் மூழ்கி இறந்தார்.

வழக்கும் நாற்காலியும்

போராட்டம் உச்சத்தில் இருந்தபோதே, எட்வர்ட்ஸ்வில் இருக்கும் மேடிசன் கவுண்டியின் அதிகாரிகள் கோல்ஸ் மீது வழக்குப் போட்டார்கள். விடுவித்த பத்துப் பேருக்குப் பிணை எழுதித் தரவில்லை என்று 2,000 டாலர் அபராதம் கேட்டார்கள். இரண்டு ஆண்டுச் சம்பளத்துக்குச் சமமான தொகை. 1824 செப்டம்பரில் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. 1825 ஜனவரியில் சட்டமன்றம் அவரை அபராதத்திலிருந்து விடுவித்துச் சட்டம் இயற்றியது. சட்டமன்றத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று நீதிபதி சாமுவேல் மெக்ராபர்ட்ஸ் மறுத்தார். 1826ல்தான் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அடிமைகளை விடுவித்து நிலமும் கொடுத்த ஒருவரை, அதற்காகவே ஒரு சுதந்திர மாநிலத்தின் நீதிமன்றங்கள் இரண்டு ஆண்டுக்கு மேல் இழுத்தடித்தன.

அமெரிக்கச் சுதந்திரப் போரில் பங்கேற்ற பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத் 1825ல் இல்லினாய்க்கு வந்தபோது கஸ்காஸ்கியாவில் அவரை வரவேற்றது கோல்ஸின் பதவிக் காலத்தில் வந்த சில மகிழ்ச்சியான நாட்களில் ஒன்று. அந்தக் கோடையில் சொந்த வேலையாக வெளி மாநிலம் போய் அக்டோபர் இறுதியில் திரும்பினால், பொறுப்பு ஆளுநராக இருந்த ஹப்பார்ட் நாற்காலியை விட மறுத்தார். மாநிலத்தை விட்டுப் போனதால் கோல்ஸ் பதவியைத் துறந்துவிட்டார் என்பது அவர் வாதம். ஹப்பார்ட் கையெழுத்திட்ட ஒரு நியமன ஆணையில் மாநிலச் செயலாளர் ஜார்ஜ் ஃபோர்க்கர் எதிர்க்கையெழுத்துப் போட மறுத்தார். விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், ஹப்பார்ட் தோற்றார்.

பிறகு

தொடர்ந்து இரண்டாம் முறை ஆளுநராக அரசியல் சட்டம் இடம் தரவில்லை. 1826 டிசம்பரில் பதவி முடிந்தது. 1831ல் நாடாளுமன்றத்துக்கு நின்று தோற்றார். சில ஆண்டுகளில் பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்து, 1833ல் சாலி லோகன் ராபர்ட்ஸை மணந்தார். போராடி மீட்ட மாநிலத்தில் அவரால் வேரூன்ற முடியவில்லை. குடிசைகளும் புல்வெளியும் நிறைந்த எல்லைப்புறத்தில் வர்ஜீனியாப் பெரிய வீட்டுப் பிள்ளை கடைசிவரை அந்நியராகவே தெரிந்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

மேடிசனை அவர் விடவில்லை. உயிலிலாவது உங்கள் அடிமைகளை விடுவியுங்கள் என்று 1832ல் எழுதினார். 1836ல் மேடிசன் இறந்தபோது உயிலில் விடுதலை இல்லை. அடிமைகளை மனைவிக்கு விட்டுச் சென்றார், அவர்களுடைய சம்மதமின்றி விற்க வேண்டாம் என்ற விருப்பத்தோடு. கோல்ஸுக்கு அது கடைசிவரை ஆறாத வருத்தம்.

அவரிடமும் குறைகள் இருந்தன. விடுதலை பெற்றவர்கள் ஆப்பிரிக்காவுக்குப் போய்க் குடியேறுவதே நல்லது என்ற குடியேற்றச் சங்கத்தின் கருத்தை அவர் ஆதரித்தார். அடிமைமுறை தவறு என்பதில் அசையாத மனிதர், இரண்டு இனத்தவரும் ஒரே நாட்டில் சமமாக வாழ முடியும் என்பதை முழுமையாக நம்பவில்லை. கிராஃபர்ட் குடும்பத்தார் இல்லினாயில் தங்கள் நிலத்தில் நின்று வாழ்ந்து காட்டியதை நேரில் பார்த்த பின்னும் அவர் அந்தக் கருத்தை வைத்திருந்தது எனக்கு விளங்காத ஒன்று.

1850களில் அடிமைமுறையை மேற்கே பரப்பும் சண்டை மறுபடி எழுந்தபோது, 1787 சட்டத்தின் வரலாற்றை விரிவாக எழுதி 1856ல் பென்சில்வேனியா வரலாற்றுச் சங்கத்தில் வாசித்தார். அப்போது அவருக்கு வயது 69. அந்த ஆறாம் பிரிவு வெறும் காகிதம் இல்லை என்பதை அவரைவிட அனுபவத்தோடு சொல்லக்கூடியவர் யாரும் அன்று உயிரோடு இல்லை. மகன் ராபர்ட்ஸ் கோல்ஸ் வர்ஜீனியாவுக்குத் திரும்பித் தோட்டக்காரராகி, உள்நாட்டுப் போரில் அடிமை மாநிலங்களின் தெற்குப் படையில் கேப்டனாகச் சேர்ந்து, 1862 பிப்ரவரியில் ரோனோக் தீவுச் சண்டையில் கொல்லப்பட்டார்.

இல்லினாயில் மிச்சமிருந்த அடிமைமுறையை 1848ன் புதிய அரசியல் சட்டம் முடித்துவைத்தது. 1822 டிசம்பரில் மாற்றச் சொல்லிக் கோல்ஸ் கேட்ட கறுப்பர் சட்டங்கள் 1865 பிப்ரவரியில் நீக்கப்பட்டன. அதே மாதம் 1ஆம் தேதி, அடிமைமுறையை நாடு முழுவதும் ஒழிக்கும் 13ஆவது திருத்தத்தை ஏற்ற முதல் மாநிலம் இல்லினாய். கோல்ஸ் அப்போது பிலடெல்பியாவில் இருந்தார். 1868 ஜூலை 7 அன்று இறந்து, அங்கேயே உட்லண்ட்ஸ் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.